பழைய காரின் ஸ்டியரிங் ரேக் ஒழுகியபோது

2024 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடி கார் நிறுத்துமிடத்திலிருந்து காரை வெளியே எடுத்தபோது, கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக ஒரு கறை தெரிந்தது. அம்மாவைப் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போகிற அவசரத்தில் இருந்தேன். "நேத்து இங்க நின்ன வேற காரா இருக்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். மாதக் கட்டணம் கட்டி நிறுத்தும் சீசன் பார்க்கிங்கில் நமக்கென்று தனி இடம் கிடையாது. சிவப்புக் கோடு போட்ட எந்த இடம் காலியாக இருந்தாலும் நிறுத்திக்கொள்ளலாம். அதனால் தரையில் இருக்கும் கறை அடுத்தவருடையது என்று நினைத்துவிடுவது சுலபம். அப்படி நினைத்ததில் எட்டு மாதமும் ஏறக்குறைய 400 வெள்ளியும் வீணாகப் போயின. அந்த எட்டு மாதத்தில் பவர் ஸ்டியரிங் எண்ணெய் ஒழுகலைப் பற்றித் தெரிந்துகொண்டதைப் பழைய கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுடையது 2010-இல் பதிவான 2 லிட்டர் ஜப்பானிய செடான். 2020-இல் பத்து ஆண்டு முடிந்ததும் சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, இன்னொரு பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தோம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனபோது, வேறு கார் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் நின்றுபோனது. 2030 வரை இதுதான், இதை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. சாலை வரியில் கூடுதல் கட்டணமும் ஏறிக்கொண்டே போய், 14 ஆண்டு தாண்டினால் 50 விழுக்காட்டில் நிற்கும். இதையெல்லாம் கட்டி வைத்திருக்கிற காரில் சின்ன ஒழுகலை அலட்சியமாக விட்டிருக்கக்கூடாது.

இரண்டாவது வாரமும் கறை தெரிந்த பிறகுதான் நம் கார்தான் என்று உறைத்தது. பக்கத்து மினிமார்ட்டில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கிப் பிரித்து, இரவு என்ஜினுக்குக் கீழே விரித்து வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால், ஓட்டுநர் பக்க முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் வரும் இடத்தில் மூன்று சிவப்புச் சொட்டுகள்; அதற்கு எதிர்ப்பக்கம் ஏசித் தண்ணீரின் பெரிய வட்டம். நம் ஊர் வெக்கையில் ஏசி ஓடாத கார் கிடையாது, ஆகவே தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு டிஷ்யூ பேப்பரைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நிறமில்லாமல் காய்ந்துபோனால் தண்ணீர், வழவழவென்று பரவிக்கொண்டே போனால் எண்ணெய்.

சிவப்பில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். பல ஜப்பானியக் கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுவதும் ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ஊற்றுவதும் சிவப்பு எண்ணெய்தான். டொயோட்டா போன்ற கார்களில் ரேடியேட்டர் கூலன்ட்கூட இளஞ்சிவப்பாக இருக்கும். கூலன்ட் தண்ணீர்போல ஓடும், காய்ந்தால் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி படியும். மற்ற இரண்டையும் கையால் தொட்டுப் பிரித்தறிய முடியாது. எந்த டப்பாவில் அளவு குறைகிறது என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பானெட்டைத் திறந்தேன். ஸ்டியரிங் வீல் படம் போட்ட மூடியுள்ள சின்ன டப்பாவில், எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. உங்கள் காரில் அப்படி ஒரு டப்பாவே இல்லையென்றால் பெரும்பாலும் அது மின்மோட்டாரில் ஓடும் ஸ்டியரிங். இந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

அடுத்து நான் செய்தது தவறு. ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினேன். மூன்று வாரத்தில் மறுபடி குறைந்தது, மறுபடி ஊற்றினேன். டிக்கியில் நிரந்தரமாக ஒரு பாட்டில் இடம்பிடித்தது. எண்ணெய் ஊற்றி ஓட்டுவதால் உடனே ஒன்றும் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஊற்ற ஊற்ற ஒழுகலும் வளர்ந்தது: மூன்று வாரம் இரண்டு வாரமாகி, பிறகு ஒரே வாரமானது.

ஜூன் மாதம் அலுவலக நண்பர் ஒருவர், ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று ஒரு பாட்டிலைச் சொன்னார். 28 வெள்ளி. ஊற்றிய பத்து நாளில் சொட்டுவது நின்றது, எனக்கும் நிம்மதியாகிவிட்டது. அந்த மருந்து செய்கிற வேலை, காய்ந்துபோன ரப்பர் சீல்களை ஊறவைத்து உப்ப வைப்பது. கொஞ்சம் சுருங்கின சீலாக இருந்தால் சில காலம் தாங்கும். கிழிந்த சீலையோ தேய்ந்த கம்பியையோ அது சரிசெய்யாது. நல்ல நிலையில் இருக்கும் சீல்களையும் அது மென்மையாக்கிவிடும். எனக்கு ஐந்து வாரம் தாங்கியது. அதற்குப் பிறகு ஒழுகல் முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெயர் வேண்டாம், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவசரப்பட்டவர்கள். காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பம்பிலிருந்து வரும் அழுத்தக் குழாய் முழுக்க ஈரமாக இருக்கிறது, ஹோஸ் போய்விட்டது என்றார்கள். 260 வெள்ளிக்குப் புது ஹோஸ் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அட்டையில் அதே இடத்தில் அதே சொட்டுகள். அந்த ஹோஸ் ஏன் ஈரமாக இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது: வாரா வாரம் புனல் இல்லாமல் நான் எண்ணெய் ஊற்றியபோது சிந்தியது நேராக அந்த ஹோஸின்மேல்தான் வழிந்திருக்கிறது. அதைத் துடைக்காமலேயே காரைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். ஒழுகல் பார்க்கக் கொடுப்பதற்கு முன் என்ஜின் பக்கத்தையும் அடிப்பாகத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு போகச் சுத்தம் செய்து, ஓரிரு நாள் ஓட்டிவிட்டுக் காட்டுங்கள். இது ஒன்றைச் செய்திருந்தால் அந்த 260 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

ஆபத்து என்று உணர்ந்தது அக்டோபரில்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் ஜொகூர் பாரு போய்ச் சாமான் வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசல். வண்டி ஊர்கிறது, நிற்கிறது, ஊர்கிறது. ஒவ்வொரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல். "என்னங்க, இது என்ன சத்தம்? மாடு கத்துற மாதிரி இருக்கு" என்று மனைவி கேட்டாள். பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். சோதனைச் சாவடியை நெருங்கி வரிசை மாறும்போது ஸ்டியரிங் திடீரென்று கல்லாய்க் கனத்தது. ஒரு நொடி விட்டது, மறுபடி கனத்தது. தோளைக் கொடுத்து வளைத்துத்தான் வரிசைக்குள் நுழைந்தேன். வேகம் இல்லாததால் பிழைத்தோம். இதே கனம் மழை நேரத்தில் விரைவுச்சாலை வளைவில் வந்திருந்தால் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பதற்றத்தில் மறந்துவிடக்கூடாது. பவர் போனாலும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது. வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு இருக்கிறது, திரும்பத்தான் செய்யும். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். அன்று எனக்கு நேர்ந்தது இதுதான்: டப்பாவில் எண்ணெய் வற்றியதால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சியது. காற்றை அழுத்தினால் அது சுருங்குமே தவிரத் தள்ளாது. அதனால்தான் முனகலும், விட்டு விட்டு வந்த கனமும். எண்ணெய் இல்லாமல் ஓடும் பம்ப் சீக்கிரம் தேயும். என் காரில் ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்ப், ஏசி, ஸ்டியரிங் பம்ப் எல்லாவற்றையும் ஓட்டுவது ஒரே பெல்ட். பம்ப் இறுகி அந்த பெல்ட் அறுந்தால், பேட்டரி சார்ஜும் என்ஜின் குளிர்ச்சியும் ஒன்றாகப் போய்விடும். இன்னொன்று தீ. சூடான எக்ஸாஸ்ட் குழாய்மேல் எண்ணெய் சொட்டினால் முதலில் புகை வரும். அந்தக் காந்தல் வாடை அடித்தால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை நிரப்பிவிட்டு, திங்கட்கிழமை காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். தவுக்கே, அதாவது முதலாளி, சீனப் பெரியவர். வேலை பார்த்தது ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு தமிழ்த் தம்பி. நடந்ததையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் காரைத் தூக்கினார், முதலில் துணியும் கிளீனர் ஸ்பிரேயும் எடுத்து ஹோஸ், பம்ப், சக்கரங்களைத் திருப்பும் ரேக் எல்லாவற்றையும் துடைத்தார். பிறகு என்ஜினை ஓட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். பத்து நிமிடம் ஆனது.

"அண்ணே, எறங்கி வந்து பாருங்க. ஹோஸ் காஞ்சுதான் இருக்கு."

ரேக்கின் இரண்டு முனையிலும் ஹார்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். பூட் என்பார்கள். ஓட்டுநர் பக்கத்துப் பூட்டின் கிளிப்பைக் கழற்றி மடிப்பை விலக்கினார். உள்ளே தேங்கியிருந்த சிவப்பு எண்ணெய் அரைக் கோப்பை அளவுக்கு ட்ரேயில் கொட்டியது. எட்டு மாதம் எங்கிருந்து எங்கிருந்து என்று தேடியது கண்ணெதிரே வழிந்து நின்றது.

"பூட்டுக்குள்ள எண்ணெய் இருக்கவே கூடாதுண்ணே. இருந்துச்சுன்னா உள்ள சீல் போச்சுன்னு அர்த்தம். ஹோஸ், பம்பு எது ஒழுகினாலும் பூட்டுக்குள்ள வராது."

அதே உறையின் கீழ் மடிப்பில் ஒரு கிழிசலையும் காட்டினார். கிழிசலின் ஓரம் வெளுத்து இறுகியிருந்தது, பழைய கிழிசல். எல்லாம் ஆரம்பித்த இடமே அதுதான் என்றார். ரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் விளக்கியபடி இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற எல்லா முடிவும் தானாகப் புரியும்.

வீலைத் திருப்பினால் கீழே ஒரு சின்னப் பல்சக்கரம் சுழன்று, ரேக் என்கிற நீளமான பல் கம்பியை இடமோ வலமோ தள்ளும். அந்தக் கம்பி டை ராட் வழியாகச் சக்கரங்களைத் திருப்பும். பவர் எங்கே வருகிறது என்றால், கம்பியின் நடுவே ஒரு பிஸ்டன் இருக்கிறது, அதைச் சுற்றி எண்ணெய் நிறைந்த குழல். வீலை நாம் திருப்பும்போது அதன் அடியில் இருக்கும் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி லேசாக முறுகி வால்வைத் திறக்கும். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கேற்ற பக்கத்தில் பம்பின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். டயரில் நாம் அடிக்கும் காற்று 33 பிஎஸ்ஐ போல. ஸ்டியரிங்கைக் கடைசிவரை வளைத்துப் பிடித்தால் இந்தக் குழலுக்குள் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். அவ்வளவையும் தடுத்து நிறுத்துவது கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கும் ரப்பர் சீலின் மெல்லிய உதடு. பூட் கிழிந்தால் மழைநீரும் மண்ணும் உள்ளே போகும். பளபளவென்று இருக்க வேண்டிய கம்பியில் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஒவ்வொரு திருப்பத்திலும் சீலின் உதட்டை அரம் மாதிரி தேய்க்கும். பிறகு ஒழுகாமல் என்ன செய்யும்?

அந்த வருடம் ஜனவரியில் சர்வீஸ் செய்தபோது அடிப்பக்கத்தை எட்டிப் பார்க்கச் சொல்லி, "பூட் கிழிஞ்சிருக்கா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சில பத்து வெள்ளி ரப்பர் அது. இப்போதெல்லாம் எண்ணெய் மாற்றக் கொடுக்கும்போது, வண்டி மேலே தூக்கியிருக்கும் நேரத்தில் நானே கீழே போய் இரண்டு பூட்டையும் மடிப்பு மடிப்பாகப் பார்க்கிறேன்.

ஒரு நுணுக்கம்: பல ரேக்குகளில் இரண்டு பூட்டுகளையும் ஒரு சின்னக் காற்றுக் குழாய் இணைக்கும். அதனால் ஒரு பக்கத்துச் சீல் ஒழுகி, எண்ணெய் மறுபக்கத்துப் பூட்டில் போய்ச் சேரலாம். ஒரு பூட்டைத் திறந்து பார்த்து, இந்தப் பக்கம் சீல் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரேக்கைக் கழற்றும் வேலைதான் பெரிது. கழற்றிய பிறகு எல்லாச் சீலையும் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

சரி, என்ன செய்வது? தவுக்கே நான்கு வழி சொன்னார். நிறுவனத்தின் அசல் புது ரேக், வேலையோடு சேர்த்து 1,900 வெள்ளி. வேறு நிறுவனம் செய்த மாற்று ரேக், அதில் பாதிக்குச் சற்று மேல். அழித்த காரிலிருந்து எடுத்த பழைய ரேக், 350. நம்முடைய ரேக்கையே கழற்றி, ரேக் மட்டும் பார்க்கும் கடைக்கு அனுப்பிப் பிரித்துச் சீல் மாற்றி ஓவர்ஹால் செய்வது, சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டோடு 580 வெள்ளி, ஆறு மாத உத்தரவாதம்.

பழைய ரேக் எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. அதன் சீலுக்கும் என் காரின் வயதுதான். இரண்டு மாதத்தில் அது ஒழுகினால் கழற்றிப் பூட்டும் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டும். சிஓஇ முடிய ஆறேழு மாதமே இருக்கிற காருக்கு அது சரியாக இருக்கலாம், ஆறு ஆண்டு ஓட்ட வேண்டிய எங்கள் காருக்குச் சரியில்லை. ஜொகூரில் இன்னும் மலிவாகச் செய்யலாம் என்று மைத்துனர் சொன்னார். அங்கே திறமையான கடைகள் இருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் கனத்துப் போகும் ஸ்டியரிங்கோடு மறுபடி கடற்பாலம் ஏற என் மனம் ஒப்பவில்லை. வேலை முடிந்த பின் எங்காவது ஈரம் தெரிந்தால் அரை மணியில் போய்க் காட்டும் தூரத்தில் கடை இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்கும் முன் தம்பி ஒரு நிபந்தனை சொன்னார். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். "ரேக்கைப் பிரிச்சதும் கம்பிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். துரு மேலாக்க இருந்தா மெருகு போட்டுச் சீல் மாத்தலாம். குழி விழுந்திருந்தா எத்தன சீல் போட்டாலும் நிக்காது, நான் போட மாட்டேன். வேற ரேக்தான்." சீல் ஓடும் பாதையில் நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் புதுச் சீலும் சில மாதத்தில் கிழியும். மலிவு ஓவர்ஹால்கள் திரும்பத் திரும்ப ஒழுகுவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. கம்பியைப் பார்க்காமல் சீல் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

எங்கள் கம்பி பிழைத்தது. படத்தில், துரு முனையில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும், சீல் வந்து போகும் இடத்துக்கு வெளியே இருந்தது.

வேலை இரண்டு நாள் பிடித்தது. ரேக் உட்கார்ந்திருப்பது என்ஜினுக்குப் பின்னால், சப்ஃபிரேம் என்கிற அடிச்சட்டத்தின்மேல். சப்ஃபிரேமைச் சற்று இறக்கித்தான் வெளியே எடுக்க முடிந்தது. வீட்டுப் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டுச் செய்கிற வேலை இல்லை இது. இணையத்தில் வீடியோ பார்த்து நாமே செய்யலாம் என்று எனக்கும் ஒரு யோசனை இருந்தது, நேரில் பார்த்ததும் கைவிட்டேன்.

கழற்றும் முன் தம்பி செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்து ஸ்டியரிங்கைப் பூட்டி, வீலை சீட் பெல்ட்டால் கட்டியும் வைத்தார். ஷாஃப்ட் இணைப்பில் பெயின்ட்டால் ஒரு கோடும் போட்டார். வீலுக்குள் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் போகும் மின்தொடர்பு ஒரு நாடாச் சுருளாக இருக்கிறது. கீழே ரேக்கைக் கழற்றிய பிறகு யாராவது வீலை விளையாட்டாகச் சுற்றிவிட்டால், அந்தச் சுருள் அதன் எல்லையைத் தாண்டி அறுந்துபோகும். ஏர்பேக் விளக்கு எரியும், புதுச் செலவு வரும். காரை விட்டுவிட்டு வரும்போது, "வீலைக் கட்டிடுவீங்கதானே?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்பதில் தவறில்லை.

சீல்களோடு இரண்டு பக்கத்துப் பூட், கிளிப்புகள், தேய்ந்திருந்த ஒரு டை ராட் முனை ஆகியவற்றையும் மாற்றச் சொன்னேன். கூடுதல் 110 வெள்ளி. ரேக்கைத் தொட்டால் அலைன்மென்ட் கட்டாயம் செய்தாக வேண்டும். டை ராட்டைப் பிறகு மாற்றினாலும் அலைன்மென்ட் மறுபடி செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே செலவில் முடித்துவிடுவது நல்லது.

எண்ணெய் விஷயத்திலும் கவனமாக இருந்தார்கள். எனக்கு வேண்டியது டெக்ஸ்ரான் வகை, மூடியிலும் கையேட்டிலும் எழுதியிருக்கிறது. ஹோண்டாவுக்குத் தனி எண்ணெய். பல ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை எண்ணெய். மாற்றி ஊற்றினால் சீல்கள் கெடும், ஆகவே கடையில் மலிவாகக் கிடைத்தது என்று எதையாவது ஊற்றாதீர்கள். நான் ஊற்றிய மருந்து ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது என்று பழைய எண்ணெயை முழுவதுமாகக் கழுவி வெளியேற்றினார் தம்பி. வெளியே வந்தது சிவப்பாக இல்லை. காப்பித் தூள் கலந்த மாதிரி கறுத்திருந்தது. டப்பாவின் அடியில் சன்னமான வலை ஒன்று உண்டு, அதையும் சுத்தம் செய்தார். பிறகு முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, என்ஜினை அணைத்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மெதுவாக இருபது தடவை திருப்பினார். ஒவ்வொரு முறையும் டப்பாவில் குமிழ் வந்து எண்ணெய் இறங்கியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். குமிழ் நின்ற பிறகே என்ஜினை ஓட்டினார். காற்றை இப்படி வெளியேற்றாமல் நேராக என்ஜினைப் போட்டால் எண்ணெய் நுரைத்துப் போய், முனகல் நாள்கணக்கில் நிற்காது.

மொத்தம் 690 வெள்ளி. அன்று மாலை காரை எடுத்துக்கொண்டு வந்து பலமாடியின் வளைந்த ஏற்றத்தில் ஏறியபோது ஒரு கையால் திருப்ப முடிந்தது. அந்தக் கனம் எட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்ததால், எவ்வளவு கனத்திருந்தது என்பதே அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஓட்டும் பழக்கத்திலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இறுக்கமான இடத்தில் நிறுத்தும்போது ஸ்டியரிங்கை முட்டும்வரை வளைத்து அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. அழுத்தம் உச்சத்துக்குப் போய் எண்ணெய் கொதிப்பது அப்போதுதான். இப்போது முட்டியதும் ஒரு மயிரிழை தளர்த்திவிடுகிறேன். நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பாமல், கார் லேசாக உருளும்போது திருப்புகிறேன். பம்புக்கும் சீலுக்கும் டயருக்கும் இதில் நன்மை உண்டு.

நாங்கள் விட்டுவைத்த கறைகளும் மனத்தை உறுத்தின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு போய், அடையாளம் தெரிந்த இரண்டு இடங்களில் மரத்தூளைக் கொட்டி ஊறவைத்து, கூட்டி அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். சோப்புத் தண்ணீர் ஊற்றி வடிகாலில் தள்ளிவிடலாம் என்றான் மகன். வேண்டாம் என்றேன். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் போகும் மழைநீர் நீர்த்தேக்கத்துக்குப் போய், திரும்ப நம் வீட்டுக் குழாய்க்கே வருகிறது.

மூன்றாவது வாரம் தம்பி சொல்லியிருந்தபடி காரைத் திரும்பக் காட்டினேன். தூக்கி, இரண்டு பூட்டையும் பிதுக்கிப் பார்த்தார். காய்ந்திருந்தன. காசு வாங்கவில்லை. அடுத்த சோதனையிலும் கார் முதல் தடவையே தேறியது.

அந்த அட்டை இன்னும் டிக்கியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை இரவு விரித்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்க்கிறேன். போன மாதம் ஏசித் தண்ணீரின் வட்டம் மட்டும்தான் இருந்தது.